ஐயா காலத்து பெட்போர்டுக்கு ரைஸ் மில் எஞ்சின்: வாங்கலாமா, வேண்டாமா?

காரைக்குடியில் பழைய சாமான் என்றாலே முனீஸ்வரன் கோயில் தெருதான். தூண், கதவு, எனாமல் தூக்கு எல்லாம் கிடைக்கும். பழசாக ஆக விலையும் ஏறும். அந்தக் கண்ணோடு எஞ்சின் பார்க்கப் போகாதீர்கள். பர்மா தேக்குத் தூண் நின்றால் போதும், எஞ்சின் ஓட வேண்டும்.

எங்கள் ஐயா ஓட்டிய பெட்போர்டு லாரி கொட்டகையில் நிற்கிறது. அதன் 3.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடம்பு, விரிசல் விட்டுவிட்டது. இப்படிப்பட்ட பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்ற அந்தக் காலத்தில் நிறையப் பேர் போட்டது பெர்க்கின்ஸ் பி6. இங்கிலாந்தில் 1937-இல் வந்தது, ஆறு சிலிண்டர், 4.73 லிட்டர். தேவகோட்டைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லில் அப்படி ஒன்று விலைக்கு வந்தது. நான் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: ஆர்.சி. புத்தகம்

எஞ்சின் நம்பரும் எரிபொருளும் ஆர்.சி.யில் இருக்கின்றன. இரண்டும் மாறப்போகிறது என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுங்கள். விண்டேஜ் பதிவு ஆசை இருந்தால் இன்னும் கவனம்: 2021-இல் வந்த விதிப்படி அது 50 வயது தாண்டி, வணிகத்துக்கு ஓடாமல், எஞ்சினும் சேஸும் பெரிதாக மாறாத வண்டிக்குத்தான். லாரிக்குக் கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். விற்பவரிடம் பில் உண்டா என்றும் கேளுங்கள். பிளாக்கில் நம்பரை ராவியிருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது: ஆறிய எஞ்சினைப் பாருங்கள்

“நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே” என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். போனதும் ஹெட் மேல், அதாவது சிலிண்டர்களை மூடியிருக்கும் மேல் பாகத்தில், கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத எஞ்சினை யாரோ உங்களுக்காகக் கிளப்பி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் டிப் ஸ்டிக். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், பிளாக்கே விரிந்திருக்கலாம். புதுப் பெயின்ட் அடித்த பிளாக் என்றால் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிப் பாருங்கள். சில வருஷம் முன் நான் வாங்கிய ஒரு பம்ப்செட் எஞ்சினில் ஒரு சாண் நீள விரிசலை எம்சீல் வைத்து அடைத்து, மேலே பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அழகான பச்சை, அதில் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது: கையால் சுற்றுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான சோதனை. கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால் இரண்டு முழுச் சுற்றில் ஆறு தடவை கை கனக்க வேண்டும். நான் சுற்றியபோது ஐந்து தடவை கனத்தது, ஒரு தடவை வெண்ணெயில் போவதுபோல் போய்விட்டது.

அந்த இடத்தில் வால்வு சரியாக உட்காராமல் இருக்கலாம், பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம், போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கலாம். முதல் இரண்டும் சமாளிக்கக்கூடிய செலவு. மூன்றாவதா என்று பார்க்க ஹெட்டைக் கழற்ற வேண்டும். உரிமையாளர் “கழற்றிக்கங்க தம்பி, மாட்டிக் கொடுத்துடணும்” என்றார். நல்ல மனிதர். சிலிண்டர் சுவரின் உச்சியில் நகத்தை வைத்து மேலும் கீழும் ஓட்டுங்கள். படிபோல் ஒரு விளிம்பில் நகம் இடறினால், ரிங் ஓடிய இடம் தேய்ந்திருக்கிறது. இங்கே நன்றாகவே இடறியது. மில் தூசியில் ஏர் கிளீனர் இல்லாமல் ஓடினால் வேறு என்ன ஆகும்? இன்டேக் குழாய்க்குள் தவிட்டு வாசனைகூடப் போகவில்லை.

நான்காவது: ஓட்டிப் பாருங்கள்

கிளம்பியதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தால் பரவாயில்லை. நீலம் நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் பீச்சும் நாசிலையும் பம்ப்பையும் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ரயில்போல் புகை தள்ளுகிறதா? ரிங்கும் போரும் முடிந்தன.

மில் எஞ்சினில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே வேகத்தில் ஓட கவர்னரை, அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தை, கட்டி வைத்திருப்பார்கள். லாரிக்கு ஏறி இறங்க வேண்டும், அதனால் பம்ப்பைக் கடையில் கொடுத்துத் திருத்த வேண்டிவரும். கியர் பாக்ஸ் உட்காரும் ஹவுசிங், ஃப்ளைவீல், சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) எல்லாம் லாரிக்கு உள்ளதுதானா என்று அளந்து பாருங்கள். டீசல் எஞ்சின் எடை கூடுதல், முன் ஸ்பிரிங் பட்டைக்கும் ஒரு தொகை எடுத்து வையுங்கள்.

கடைசியாக விலை

இரும்பு விலையை அடிமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்பதற்கு, ஓடும் கிராங்க், விரிசலில்லாத பிளாக், ஹெட் மூன்றும் இருக்க வேண்டும். போரிங் பட்டறையில் எத்தனை தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வெட்ட வேண்டும், அந்த அளவில் பிஸ்டன் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பேரம் பேசுங்கள். பிஸ்டன் செட் இல்லையென்றால் விலை குறைத்தும் பிரயோஜனமில்லை.

நான் விசாரித்ததில் ஆறு பிஸ்டனில் நான்குதான் ஒரே அளவில் கிடைத்தது. ஹெட்டை மாட்டிக் கொடுத்து, கேஸ்கெட்டுக்குப் பணமும் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் போன் நம்பரை வைத்திருக்கிறேன்; மீதி இரண்டு பிஸ்டனும் கிடைத்தால் மறுபடி தேவகோட்டை போவேன்.