புதிதாக ஸ்கூபா பழகுகிறவர்கள் வெட்சூட்டை எப்படிப் பார்த்து எடுப்பது

புதுச்சேரியில் ஸ்கூபாவின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்த கையோடு நிறைய பேர் கேட்பது இரண்டு கேள்விகள். எந்த பிராண்டு வெட்சூட் (கடலுக்குள் போடும் ரப்பர் உடை) வாங்கலாம், எத்தனை மில்லிமீட்டர் கனம் வேண்டும். இரண்டும் அப்புறம் கேட்க வேண்டியவை. சூட் உங்கள் உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொளதொளவென்று இருக்கும் 5 மில்லி சூட்டைப் போட்டவர் நடுங்கிக்கொண்டு மேலே வருவார், அளவாக ஒட்டிய 3 மில்லி சூட் போட்டவர் அதே படகில் அடுத்த டைவுக்குத் தயாராக உட்கார்ந்திருப்பார்.

காரணம் எளிது. வெட்சூட் தண்ணீரைத் தடுக்காது. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால், ஜிப் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், வந்த தண்ணீரை உடம்புச் சூடு வெதுவெதுப்பாக்கிவிடும். ஆனால் உண்மையில் குளிரைத் தடுப்பது அந்தத் தண்ணீர் இல்லை, நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் வாயுக் குமிழிகள். 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஹ்யூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் வெட்சூட்டை வடிவமைத்தபோது பிடித்துக்கொண்ட விஷயமே இதுதான்: உடம்பு நனைந்தால் பரவாயில்லை, மேலே இருக்கிற பொருள் வெப்பத்தை விடாமல் இருந்தால் போதும். இது நடக்க உள்ளே வந்த தண்ணீர் மெல்லிய படலமாக அசையாமல் அங்கேயே இருக்க வேண்டும். சூட் லூசாக இருந்தால் நீங்கள் கால் அடிக்கும் ஒவ்வொரு முறையும் சூடான தண்ணீர் வெளியே போய்ப் பச்சைத் தண்ணீர் உள்ளே வரும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

"நம்ம கடல்ல என்ன குளிர்?" என்று கேட்பவர்கள் உண்டு. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மேல் தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கிற நாளில்கூட உடம்பு 37 டிகிரி, அதனால் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தால் சூடு இறங்கிக்கொண்டேதான் போகும். சில நாட்களில் கீழே இறங்க இறங்க ஓர் இடத்தில் சட்டென்று குளிர்ந்த அடுக்கு வரும், முகத்தில் பட்டவுடன் தெரிந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் மேலேயே தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும். குளிரை விட்டுவிட்டாலும் சொறி மீன் இருக்கிறது, பாறையிலும் முங்கிக் கிடக்கும் இரும்பிலும் ஒட்டியிருக்கும் கொட்டலசு இருக்கிறது, அறுந்து கிடக்கும் வலையும் தூண்டில் முள்ளும் இருக்கின்றன. ஆகவே இங்கே டைவ் அடிக்க அரைக்கால் அரைக்கை ஷார்ட்டி வேண்டாம், முழுக்கை முழுக்கால் சூட்டே எடுங்கள். கனம் 3 மில்லி போதும். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு போனாலும் அதுவே பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும். ஒல்லியான உடம்பு, சீக்கிரம் குளிர் பிடிக்கிறவர் என்றால் 5 மில்லிக்குத் தாவும் முன்னால் 3 மில்லிக்கு உள்ளே தொப்பி வைத்த மெல்லிய வெஸ்ட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கனம் கூடக் கூட மிதப்பு கூடும், முங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய வெயிட்டும் கூடும்.

அவசரமாக வாங்கவும் வேண்டாம். டைவ் சென்டரில் சூட் வாடகைக்குக் கிடைக்கும், கோர்ஸ் கட்டணத்திலேயே சேர்ந்திருப்பதும் உண்டு. நீச்சல் குளத்தில் பயிற்சி நடக்கும் நாட்களில் ஒரே சைஸோடு நிற்காமல் "அண்ணா, இதுக்கு ஒரு சைஸ் கம்மி குடுங்க" என்று கேட்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனி, என்ன சைஸ், எங்கே பிடித்தது, எங்கே தொங்கியது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்தக் குறிப்பு எந்த விளம்பரத்தையும்விட உதவும்.

சைஸ் அட்டவணையில் உயரம், எடை, மார்பு, இடுப்பு, புட்டம் என்று அளவுகள் போட்டிருப்பார்கள். அவை பெரும்பாலும் வெளிநாட்டு உடம்புகளை வைத்துப் போட்டவை. நம்மில் பலருக்கு மார்புக்கு ஒரு சைஸ் வரும், வயிற்றுக்கு இன்னொன்று, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வேறொன்று. அப்படி வந்தால் ஆண்கள் மார்பு அளவையும் உயரத்தையும் முதலில் பார்க்கலாம். பெண்கள் மார்பு, புட்டம் இரண்டையும் பார்த்து, பெண்களுக்கென்று வெட்டிய சூட்டிலேயே தேட வேண்டும். ஆண்கள் சூட்டைச் சின்ன சைஸில் எடுத்துச் சமாளித்தால் இடுப்பில் தண்ணீர்ப் பை உருவாகும், மார்பு நசுங்கும். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனிக்கும் எம்தான் என்று நம்பாதீர்கள். கிரெஸ்ஸியில் சரியாக இருந்ததே என்று ஸ்குபாப்ரோவில் அதே எழுத்தைப் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் போடுவது நல்லதல்ல, ஒவ்வொன்றுக்கும் அதன் அட்டவணையைப் பாருங்கள். சில கம்பெனிகள் உயரமானவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் தனி சைஸ்கள் வைத்திருக்கின்றன, கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

போட்டுப் பார்க்கிற நேரமும் முக்கியம். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு வியர்த்து ஒழுகிக்கொண்டு போட்டால் எந்த சூட்டும் ஏறாது, பாதியில் வெறுத்துப்போய்ப் பெரிய சைஸை எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். காலையிலோ ஏசி இருக்கிற இடத்திலோ போடுங்கள். உள்ளே பருத்தி ஜட்டி, பனியன் வேண்டாம், சுருண்டு மடிந்து சூட்டின் உண்மையான அளவைக் காட்டாது. நீச்சலுடையோ ஒட்டினாற்போல் இருக்கும் லைக்ரா உடையோ போதும்.

போடும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "சைஸ் சின்னதா இருக்கு" என்று திருப்பிக் கொடுக்கும் சூட்களில் பாதியாவது சரியாகப் போடப்படாதவை என்பது என் எண்ணம். சூட்டை இடுப்பு வரை உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்துவிடுங்கள். பாதத்தில் சாதாரண பிளாஸ்டிக் கவர் ஒன்றை மாட்டிக்கொண்டு காலை நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கவரைக் கழற்றி அடுத்த காலுக்கு மாட்டுங்கள். பிடித்து இழுக்கும்போது நகம் படக்கூடாது, நியோப்ரீன் பிறை வடிவத்தில் கிழியும், விரல் சதையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். கணுக்கால், முழங்கால், தொடை என்று ஏற்றி, கடைசியில் கவட்டை முழுதாக மேலே வந்து உடம்பில் படும்வரை விடாதீர்கள். கவட்டை இரண்டு விரல் கீழே நின்றுவிட்டால் அந்த இரண்டு விரல் அளவும் தோளில் இழுக்கும், கழுத்தில் இழுக்கும், ஜிப் ஏறாது. ஆள் சூட்டைக் குறை சொல்வார். கவட்டை சரியானதும்தான் கை. அக்குளில் இடைவெளி இல்லாமல் ஏற்றி, தோளைச் சரிசெய்து, அப்புறம் யாரையாவது ஜிப் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒருவர் இழுத்துப் பிடித்தால்தான் ஜிப் ஏறுகிறது என்றால் அது சின்ன சைஸ்.

ஜிப் ஏறியதும் உடனே முடிவு சொல்லாதீர்கள். முதலில் கை போகட்டும். நடு முதுகுக்குக் கீழே இடுப்பு உள்வாங்கும் இடத்தில் ஒருவரைக் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் மட்டும் கையில் கொத்தாக வந்தால் அங்கே தண்ணீர் குளம் கட்டும், டைவ் முழுக்க முதுகில் குளிரும். அக்குளிலும் கவட்டையிலும் இதே மாதிரி பாருங்கள். பிறகு குந்தி உட்காருங்கள். கழுத்து வழியாக உஸ்ஸென்று காற்று வந்தால் உள்ளே எங்கோ காலி இடம் இருக்கிறது. எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், உங்களையே கட்டிப்பிடியுங்கள், கையைப் பின்னால் கொண்டுபோய் டேங்கின் வால்வு இருக்கும் இடத்தைத் தொட முயலுங்கள். தண்ணீருக்குள் அந்த அசைவுகள் எல்லாம் வேண்டும். மணிக்கட்டும் கணுக்காலும் சுற்றி ஒட்டி நிற்க வேண்டும். கை, கால் நீளம் ஓர் அங்குலம் கூடக் குறைய இருந்தால் பாதகமில்லை, உடம்புப் பகுதியின் நீளம்தான் பிசகக்கூடாது. முழங்கால் பின்னால் லேசாகச் சுருக்கம் விழும், அது சகஜம். நல்ல தையல்காரர் தைத்த ரவிக்கை மாதிரி எங்கும் காலியாகவும் இல்லாமல் எங்கும் வெட்டாமலும் இருக்கிற சூட் கிடைக்கும்வரை பொறுமையாகப் பாருங்கள்.

"தண்ணில எறங்குனா சரியாயிடும் சார்" என்று கடையில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. நனைந்ததும் நியோப்ரீன் கொஞ்சம் இளகும், ஆகவே தரையில் சற்று இறுக்கமாகத் தெரிவதுதான் நல்லது. தரையிலேயே சௌகரியமாக, சட்டை மாதிரி இருக்கிற சூட் தண்ணீரில் லூசாகிவிடும். ஆனால் இறுக்கத்துக்கும் எல்லை உண்டு, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முழு மூச்சு இழுத்து விட முடிய வேண்டும், நெஞ்சு பாதியில் நிற்கக்கூடாது. கழுத்துக்குள் ஒரு விரல் போய் வர வேண்டும். கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் ரத்தக்குழாயைச் சூட் அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து தலை சுற்றும், மயக்கம்கூட வரும். தண்ணீருக்குள் அது உயிருக்கே ஆபத்து. பத்துப் பதினைந்து நிமிடம் போட்டபடியே இருங்கள். விரல்கள் மரத்துப்போனால், வாந்தி வருகிற மாதிரி இருந்தால் கழற்றிவிட்டு வேறு எடுங்கள்.

நீளமான கூந்தல் இருக்கிறவர்கள் ஜிப் போடும் முன் பின்னலை மேலே தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையின் வெல்க்ரோவில் முடி சிக்கினால் வலியும் போகாது, பட்டையும் சரியாக மூடாது, தண்ணீர் நேராக முதுகில் இறங்கும். கழுத்து உரசிப் புண்ணாகிறது என்று வாசலின் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலியம் ஜெல்லி நியோப்ரீனைக் கெடுத்துவிடும். கழுத்து உயர்ந்த லைக்ரா சட்டை ஒன்றை உள்ளே போட்டால் உரசலும் நிற்கும், சூட் ஏறுவதும் சுலபம்.

தையலைப் பற்றிக் கடைக்காரர் நிறையப் பேசுவார். தட்டையாகத் தைத்த சாதாரணத் தையலில் ஊசி ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் கசியும், ஒட்டி உள்தையல் போட்டதில் கசிவு குறைவு. குளிர்நாட்டுக் கடலுக்குப் போகிறவர் அதற்குக் காசு கொடுக்கட்டும். நம் கடலுக்குச் சாதாரணத் தையலே போதும், மிச்சப் பணத்தில் நல்ல மாஸ்க் வாங்குங்கள். பழைய சூட் மலிவாகக் கிடைத்தால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி மெதுவாகக்கூட எழும்பாமல் தட்டையாகக் கிடந்தால் உள்ளே குமிழிகள் செத்துவிட்டன, அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. படகில் முதல் நாளே கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்காராதீர்கள், கறுப்பு ரப்பருக்குள் உடம்பு கொதிக்கும், தண்ணீரில் இறங்கும் முன்பே களைத்துவிடுவீர்கள். இடுப்புவரை மட்டும் ஏற்றி வையுங்கள், தண்ணீர் குடியுங்கள், இடம் நெருங்கியதும் மீதியைப் போடலாம். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் ஒரு வாளி குடிதண்ணீரை ஒதுக்குங்கள். உள்பக்கம் வெளியே இருக்கும்படி, நிழலில், கனமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மொட்டைமாடி வெயிலும் கார் டிக்கியும் சூட்டைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

இன்னொன்று, புது சூட்டில் முதல் முறை இறங்கும்போது இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிடுங்கள். வாடகை சூட் பலமுறை அழுந்தி மெலிந்திருக்கும், புது நியோப்ரீன் அதைவிட அதிகம் மிதக்கும், ஆகவே பழைய வெயிட் கணக்கு ஒத்துவராது. ஆழத்தில் கதையே வேறு. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, அங்கே ரப்பரில் உள்ள குமிழிகள் நசுங்கி மிதப்பும் குறையும், குளிரைத் தாங்கும் சக்தியும் குறையும். அதனால் மேலே வெயிட்டைச் சரிபார்த்துவிட்டு இறங்குங்கள்: பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்று ஜாக்கெட்) இருக்கும் காற்றை முழுக்க வெளியே விட்டு, சாதாரண மூச்சைப் பிடித்தபடி அசையாமல் நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெதுவாக இறங்க வேண்டும். டேங்க் காலியாகக் காலியாக அதுவும் லேசாகி மிதக்கும் என்பதால் முழு டேங்கோடு பார்த்தால் ஒன்றிரண்டு கிலோ கூட்டிக்கொள்ளச் சொல்வார்கள். கடைசியில் எத்தனை கிலோவில் சரியாக நின்றதோ அதை, எந்த சூட், எந்த டேங்க் என்பதோடு சேர்த்து லாக் புக்கில் எழுதி வையுங்கள்.