பித்தம் என்று எலுமிச்சை பிழிவதற்கு முன், நாடியை எண்ணிப் பாருங்கள்

சேலம் அம்மாபேட்டையில் நாற்பது வருஷம் தறி ஓட்டியவர் எங்கள் பெரியப்பா. திடீரென்று அவருக்கு அடிக்கடி தலைசுற்றல். “பித்தம்தான்” என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எலுமிச்சை, இஞ்சிச் சாறு, சுக்குக் காபி என மூன்று வாரம் போனது. ஒருநாள் மாடிப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். நிமிடத்துக்கு 36. அந்த மூன்று வாரத்தில், என்னையும் சேர்த்து, ஒருவருக்கும் அவர் கையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

36 எங்கிருந்து வந்தது என்பது புரிய, இதயத்தின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூளை உத்தரவு போட்டால்தான் இதயம் துடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வலது மேலறையின் உச்சியில், பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில், எஸ்.ஏ. கணு என்று ஒரு சிறு திசுத் துண்டு இருக்கிறது. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இருவரும் அதை விவரித்தார்கள். அங்குள்ள செல்களுக்குச் சும்மா இருக்கவே தெரியாது. ஒரு துடிப்பு முடிந்ததுமே சோடியம் மெல்ல உள்ளே கசியத் தொடங்கும். மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஓர் எல்லையைத் தொட்டதும் கால்சியம் வழிகள் திறக்கும், அடுத்த துடிப்பு பிறக்கும்.

யாரும் தொடாமல் விட்டால் இந்தக் கணு நிமிடத்துக்கு 100 தடவை போல அடிக்கும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 என்று காட்டுவது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு பிரேக்கில் கால் வைத்திருப்பதால்தான். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு அந்த நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால், ஓய்விலும் துடிப்பு 90, 100 என்றே ஓடும்.

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் மேட்டில் நடக்கும்போது கைக்கடிகாரம் 125 காட்டியதும் பதறிப்போய் உட்காருகிறவர்களுக்கும் இதுதான் பதில். முதலில் பிரேக் தளர்கிறது, அப்புறம் ஆக்சிலேட்டர் நரம்புகள் மிதிக்கின்றன. ஏறும்போது ஏறாத துடிப்புதான் கவலைக்குரியது. நெஞ்சில் அழுத்தம், மயக்கம், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு சேர்ந்தால் மட்டும் கதை வேறு. அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும்.

சரி, பெரியப்பாவுக்கு வருவோம். மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் ஏ.வி. கணு என்று ஒரு வாசல். 1906-இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா அதைக் கண்டு சொன்னார். மேலிருந்து வரும் மின் செய்தியை அது ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி பிடித்து வைத்து அனுப்பும். மேலறை காலியாகிக் கீழறை நிரம்ப அந்த நேரம் வேண்டும். எஸ்.ஏ. கணு படுத்துவிட்டால் ஏ.வி. கணுப் பகுதியே 40 முதல் 60 வரை ஓட்டிக்கொள்ளும். அதற்கும் கீழே உள்ள இழைகள் 20 முதல் 40 வரை தாக்குப்பிடிக்கும். பெரியப்பாவின் ஈ.சி.ஜி.யில் மேலறை 80-க்கு மேல் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. செய்தி மட்டும் கீழே இறங்கவில்லை. மாற்று ஆள் ஓட்டிய வேகம்தான் அந்த 36.

அடுத்த குழப்பம் ‘பிளாக்’ என்ற சொல்லால் வந்தது. டாக்டர் ‘ஹார்ட் பிளாக்’, பேஸ்மேக்கர் (இதயத்துக்கு மின் தூண்டல் கொடுக்கும் பேட்டரிக் கருவி) வைக்க வேண்டும் என்றதும், “அடைப்புன்னா ஸ்டென்ட்தானே வைக்கணும், எதுக்கு பேட்டரி?” என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்பது ஒன்று, மின்பாதை அறுவது வேறொன்று. ஸ்டென்ட் குழாய்க்கு, பேஸ்மேக்கர் மின்பாதைக்கு. ஒன்று வைத்தவருக்கு மற்றது வராது என்றும் நினைக்கக் கூடாது.

எண்ணுவதிலும் தப்பு செய்கிறோம். கட்டைவிரலால் பிடித்தால் அதன் துடிப்பே குழப்பும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்காதீர்கள். தாளம் தப்புகிறதென்றால் முழு நிமிடம் எண்ண வேண்டும். கழுத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்தவே கூடாது, மயக்கம் வரலாம். இடையில் ‘ஒன்று விட்டுப்போன’ துடிப்பு பெரும்பாலும் விடுபட்டதல்ல. முந்திக்கொண்டு வந்த துடிப்பும் அதன் பின் ஒரு சின்ன இடைவெளியும்தான். எப்போதாவது என்றால் பயமில்லை. அடிக்கடி வந்தாலோ மயக்கத்தோடு வந்தாலோ காட்டிவிடுங்கள்.

மருந்தையும் மறக்க வேண்டாம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும்கூடக் குறைக்கும். கண்ணில் விடுவதுதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுபவர்கள் நிறைய. குறைகிறதே என்று மாத்திரையை நாமாகச் சட்டென நிறுத்துவது அதைவிட ஆபத்து.

பெரியப்பாவுக்கு இடது காறை எலும்புக்கு (கழுத்தடியிலிருந்து தோள் வரை முன்பக்கம் ஓடும் எலும்பு) கீழே பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. செல்போனைச் சட்டையின் இடது பையில் வைப்பதை விட்டுவிட்டார். “இனி மெஷின்தான் துடிக்குதா?” என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவருக்கு வைத்தது இரண்டு ஒயர் உள்ளது. மேல் ஒயர் அவருடைய சொந்தக் கணு அடிப்பதைக் கேட்கிறது, கீழ் ஒயர் அதையே கீழறைக்குச் சொல்கிறது. போன மாதம் ஏற்காட்டில் மேடேறியபோது 104 வரை போனது. வேகத்தைத் தீர்மானித்தது அவருடைய பழைய கணுவேதான்.