ஹாமில்டன்ஸ்டோவரே: மூக்கு சொல்வதைக் கேட்கும் நாயை வளர்ப்பது எப்படி?

முதுகு கறுப்பு, தலையும் கால்களும் செம்பழுப்பு, நெற்றிக் கோடும் மார்பும் பாதங்களும் வெள்ளை. ஸ்வீடனின் காட்டோரக் கிராமங்களில் இந்த நாயை அடிக்கடி பார்க்கலாம். நாய் இனங்களைப் பதிவு செய்யும் ஸ்வீடன் கென்னல் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான அடோல்ஃப் பாட்ரிக் ஹாமில்டன், இங்கிலாந்தின் நரி வேட்டை நாயான ஃபாக்ஸ்ஹவுண்டையும் ஜெர்மானிய வேட்டை நாய்களையும் கலந்து உருவாக்கிய இனம் இது. 1921-இல் அவர் பெயரையே இதற்கு வைத்தார்கள்.

குட்டி வாங்கும் முன் இதன் வேட்டை முறையைப் புரிந்துகொள்ளுங்கள். ஃபாக்ஸ்ஹவுண்ட் கூட்டமாக ஓடும். ஹாமில்டன் நாய் தனியாகத்தான் வேலை செய்யும். முயலின் தடத்தைப் பிடித்ததும் குரைத்துக்கொண்டே விரட்டும். முயல் பெரிய வட்டம் அடித்துத் தன் இடத்துக்கே திரும்பப் பார்க்கும். வேட்டைக்காரர் அந்த வழியில் காத்து நிற்பார். அவ்வளவு நேரமும் நாய் மனிதர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், தானே முடிவெடுத்து ஓடுகிறது. கூப்பிட்டதும் வராத நாயைப் பிடிவாதக்காரன் என்று திட்டாதீர்கள். பல தலைமுறைகளாக நாம் அதற்குப் பழக்கியதே அதுதான்.

1. வீட்டைத் தயார் செய்தல்

முதலில் வேலி. அடியில் தோண்டி வெளியேற இடம் இருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். ஸ்வீடனில் நாய்க்குத் தோலுக்கடியில் அடையாளச் சிப் பொருத்தி, உங்கள் கைக்கு வந்த நான்கு வாரத்துக்குள் வேளாண் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். சமையல் மேடை விளிம்பில் எதையும் வைக்காதீர்கள். வளர்ந்த ஆண் நாய் சுமார் 57 செ.மீ. உயரம், பின்காலில் நின்றால் எல்லாம் எட்டும். சாக்லேட், திராட்சை, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு) சேர்த்த சூயிங்கம் மூன்றும் நாய்க்கு விஷம்.

2. மூக்குக்கு வேலை

என்னைக் கேட்டால், இதைவிட முக்கியமான படி வேறில்லை. ஒரு மணி நேர நடையில் தீராத தவிப்பு பத்து நிமிட மோப்ப வேலையில் அடங்குவதைத் தினமும் பார்க்கிறேன்.

ஒரு சாசேஜைக் கயிற்றில் கட்டிப் புல்தரையில் 20 மீட்டர் நேராக இழுத்துச் செல்லுங்கள். முடிவில் சாசேஜைப் போட்டுவிட்டு, வந்த தடத்தை மிதிக்காமல் சுற்றித் திரும்புங்கள். கால் மணி நேரம் கழித்து ஹார்னஸ் (மார்புப் பட்டை) மாட்டி, 10 மீட்டர் கயிற்றோடு நாயைத் தொடக்கத்துக்குக் கூட்டி வாருங்கள். அப்புறம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

எங்கள் ஸ்டீனா முதல் நாள் என்ன செய்தாள் தெரியுமா? தலையை உயர்த்தி ஒரு முறை காற்றை மோந்து பார்த்தாள். மூக்கு புல்லில் பட்டதும் வால் மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. தொங்கும் காதுகள் ஆட, மூச்சு குட்டி குட்டியாக, வேகமாக. தடம் தவறியபோது நின்றாள், ஒரு அரைவட்டம் அடித்தாள், மறுபடி பிடித்துக்கொண்டாள். நான் இழுத்துக் காட்டியிருந்தால் அந்த அரைவட்டத்தை அவள் கற்றிருக்கவே மாட்டாள்.

இது சுலபமானதும் தடத்தில் ஒரு வளைவு சேர்க்கலாம், பிறகு நேரத்தைக் கூட்டலாம். ஆர்வம் வந்தால் ‘வில்ட்ஸ்போர்’ என்னும் தடம் தேடும் போட்டிக்கும் போகலாம். பக்கத்து நாய்ச் சங்கத்தில் பயிற்சி நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

3. கயிறு, கூப்பிடுதல்

ஸ்வீடனில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை காட்டு விலங்குகள் உள்ள இடங்களில் நாய் ஓடிவிடாதபடி பார்த்துக்கொள்வது சட்டம். மற்ற மாதங்களிலும் வேட்டைக்கு அல்லாமல் காட்டு விலங்குகளை விரட்டவிடக் கூடாது. ஆகவே நீளக் கயிறுதான் உங்கள் துணை. அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். பாய்ந்தால் கழுத்தில் அடிபடும்.

விசிலுக்கு வரப் பழக்குங்கள். வந்தால் வேகவைத்த ஈரல், ஒவ்வொரு முறையும். எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டக் கூடாது.

முதல் இலையுதிர் காலத்தில் கயிறு என் கையிலிருந்து நழுவியது. முயலின் பின்னால் அவள் குரல் தூரமாகப் போய்க் கடைசியில் கேட்கவே இல்லை. பழைய வேட்டைக்காரர்கள் சொல்லும் வழியைச் செய்தேன்: நழுவிய இடத்திலேயே என் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது அதன் மேல் சுருண்டு படுத்திருந்தாள். இப்போது ஜிபிஎஸ் பட்டை இல்லாமல் காட்டுப் பக்கம் போவதில்லை.

4. தனிமை

பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பது ஸ்வீடனில் விதி. தனியாக இருக்க ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்லப் பழக்குங்கள். இதன் குரல் பெரிது. அடுக்குமாடி வீடாக இருந்தால் நன்றாக யோசித்து முடிவெடுங்கள்.

5. உடம்பு

தொங்கும் காது காற்றோட்டம் இல்லாதது, வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். நாற்றமோ சிவப்போ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பனிக்காலத்தில் சாலை உப்பைப் பாதத்திலிருந்து கழுவிவிடுங்கள். கோடையில் தினமும் உண்ணி தேடுங்கள்.

கோடையில் விரியன் பாம்பும் உண்டு. மூக்கை முதலில் நீட்டும் நாய் என்பதால் கடி பெரும்பாலும் முகத்தில்தான் விழும். வீங்கினால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு காருக்குப் போங்கள். புறப்படும் முன்பே கால்நடை மருத்துவமனைக்கு போன் செய்துவிட்டால் அவர்கள் தயாராக இருப்பார்கள்.