ஏர் ரைஃபிளை உங்கள் உடம்புக்குப் பொருத்துவது எப்படி? புதிதாகச் சுடத் தொடங்குபவர்களுக்கு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு, டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயிலில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தாலும் பிள்ளையைத் துப்பாக்கி சுடுதலில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் நாம் பேசப்போகும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். சேர்ந்த மூன்றாம் மாதம் அந்தப் பிள்ளையே வந்து, "அக்கா, ஸ்கோர் ஏறவே மாட்டேங்குது, எந்த பார்ட்டை மாத்தணும்?" என்று கேட்கும். எதையும் மாற்ற வேண்டாம். கையில் இருப்பதை முதலில் உங்கள் உடம்புக்குப் பொருத்துங்கள். எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா, செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை மேம்படுத்தலாமா என்று கேட்கிற கல்லூரிப் பையன்கள் உண்டு. கூடாது. நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியோ தோட்டாவோ செய்யவும் மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். போட்டிக்கான ஏர் ரைஃபிளில் திருகாணியைத் திருப்பி அளவு சரிசெய்ய அப்படித் தடை எதுவும் இல்லை. நீங்கள் திருப்புவதற்காகத்தான் அதில் அத்தனை திருகாணி வைத்திருக்கிறார்கள்.

தொடங்கும் முன்

ஆலன் கீ (அறுகோணச் சாவி) செட், அளவு டேப், பென்சில், பக்கத்தில் நின்று உங்களைப் பார்க்க ஒரு ஆள். இவ்வளவு போதும். குழலுக்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடி இருக்க வேண்டும், முனை எப்போதும் குறியின் பக்கமே இருக்க வேண்டும், சுடும் நேரம் தவிர விரல் ட்ரிகரைத் தொடக் கூடாது. திருகாணியில் கை வைக்கும்போது உள்ளே பெல்லட் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) இல்லை என்று நீங்களும் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரில் 200 பார் வரை காற்று அடைத்திருக்கும். கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார். அதனால் சிலிண்டரில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால் அதில் காற்று நிரப்பாதீர்கள்.

முதல் படி: பட் பிளேட் (தோளில் பதியும் பின்தகடு)

முழங்கையை மடக்கி, ஸ்டாக்கின் (குழலைத் தாங்கும் கட்டை) பின்முனையை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் இயல்பாகப் போய் உட்கார வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் நீளத்தைக் குறையுங்கள், விரல் தாண்டிப் போனால் கூட்டுங்கள். அடுத்து உயரம். சுடும்போது போடும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து நிமிர்ந்து நில்லுங்கள். சைட்டை (குறி பார்க்கும் கருவி) தேடித் தலை தாழ்ந்து போனால் துப்பாக்கி கீழே இருக்கிறது என்று பொருள். அப்போது பட் பிளேட்டைக் கீழிறக்குங்கள், துப்பாக்கி மேலே வரும். சைட்தான் கண்ணைத் தேடி வர வேண்டும், கழுத்து சைட்டைத் தேடிப் போகக் கூடாது.

இரண்டாம் படி: கன்னம் வைக்கும் பலகை

கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைப் பலகையில் வையுங்கள். தலையின் பாரம் முழுவதும் அதில் இறங்கட்டும். இப்போது கண்ணைத் திறந்தால் பின்சைட் துளையின் நட்டநடுவில் முன்வளையம் (முன்சைட்டின் வளையம்) தெரிய வேண்டும். மேலே ஒட்டித் தெரிகிறதா, பக்கவாட்டில் ஒதுங்கித் தெரிகிறதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவர் அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக நகர்த்தட்டும். கண்ணைத் திறந்தபடியே இதைச் செய்தால் கழுத்து உங்களுக்குத் தெரியாமல் வளைந்துகொடுத்துவிடும், அளவும் தப்பாகிவிடும்.

இங்கே ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கணக்கைப் பார்த்தால் தெரியும். இரண்டு சைட்டுக்கும் நடுவே 70 செ.மீ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்முனை 0.1 மி.மீ விலகினால், 10 மீட்டர் தள்ளி குண்டு சுமார் 1.4 மி.மீ விலகும். குறியின் நடுவில் இருக்கும் பத்தாம் பொட்டு வெறும் 0.5 மி.மீ. தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.25 மி.மீக்கும் 0.1 புள்ளி குறையும். ஒரு தலைமுடியின் தடிமன் அளவு விலகினாலே அரைப் புள்ளிக்கு மேல் போய்விடும்.

மூன்றாம் படி: கால்

பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது இங்கேதான். சென்ற ஜனவரியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். பத்து குண்டும் ஒரே இடத்தில், ஆனால் கடிகாரத்தின் மூன்று மணிப் பக்கம். பின்சைட் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அடுத்த வரிசை மறுபடி அங்கேயே போனது. அவளை நிலையில் நிற்கச் சொன்னேன். இடது முழங்கை இடுப்பெலும்பில், உடம்பு சற்றே பின்சாய்ந்து. "கண்ணை மூடு. ரெண்டு மூச்சு விடு. இப்போ திற" என்றேன். திறந்தவள், "அக்கா, பக்கத்து டார்கெட்டோட ஓரத்துல நிக்குது" என்றாள்.

கண் திறந்திருக்கும் வரை அவள் இடது கையாலும் தோளாலும் துப்பாக்கியைக் குறிக்குத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். ட்ரிகர் விடுபடும் நொடியில் தசை தளரும், துப்பாக்கி தன் இயல்பான பக்கத்துக்கே போய்விடும். சைட்டைத் திருப்பி என்ன பயன்? வலது பாதத்தை இரண்டு விரல் அளவு முன்னே வைக்கச் சொன்னேன். மறுபடி மூடித் திறந்தாள். முன்வளையம் குறியின் கறுப்பு வட்டத்தின் மேலேயே நின்றது.

வலக்கைக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: துப்பாக்கி வலப்பக்கம் போனால் வலது பாதம் விரல் பக்கமாக முன்னே, இடப்பக்கம் போனால் குதிகால் பக்கமாகப் பின்னே. மேலேயோ கீழேயோ நின்றால் தாங்கும் இடது கையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். முன்னே கொண்டுபோனால் முனை தாழும், பின்னே இழுத்தால் உயரும். ஒவ்வொரு பத்து குண்டுக்கும் ஒரு முறை கண்ணை மூடித் திறந்து பாருங்கள்.

நான்காம் படி: ட்ரிகர்

ஏர் ரைஃபிள் போட்டியில் ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை விதி கிடையாது. அதனால் புதியவர்கள் தொட்டால் விடுபடுகிற அளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். வேண்டாம். ட்ரிகர் இரண்டு கட்டமாக நகரும். முதல் கட்டம் முடிந்து ஒரு தடை விரலுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். நான் புதியவர்களுக்கு 100 கிராம் அருகே வைத்துத் தருகிறேன். டெல்லிக் குளிரில் விரல் மரத்துப்போகும்போது லேசான ட்ரிகர் நினைக்கும் முன்பே விடுபட்டுவிடும்.

ஐந்தாம் படி: பெல்லட்

எல்லாம் 4.5 மி.மீதான், ஆனால் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று டப்பாவுக்கு டப்பா மாறும். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். கோச்சிடம் கேட்டு, துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டில் மாட்டி, ஒவ்வொரு வகையிலும் பத்து பத்தாகச் சுடுங்கள். பத்தும் சேர்ந்து போட்ட ஓட்டை எதில் சிறியதோ, அந்த டப்பாவையே வாங்குங்கள். விலை கூடியதுதான் நல்லது என்று இல்லை.

ஏற்றும் முன் ஒவ்வொரு பெல்லட்டின் பின்விளிம்பையும் பாருங்கள். நசுங்கியிருந்தால் ஒதுக்குங்கள். அது ஈயம், வாயில் வைக்கவே கூடாது. சுட்டு முடித்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளை அனுப்பும் அம்மாக்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாகத்தான் சைட்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் சைட் குமிழ். பத்து கிளிக் திருப்பி, குண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகு ஊகத்துக்கு வேலை இல்லை. முன்வளையத்தில் கறுப்பைச் சுற்றி நன்றாக வெள்ளை தெரியட்டும். வளையம் இறுக்கமாக இருந்தால் கண் களைத்துவிடும், 60 குண்டுக்கு 75 நிமிடம் வரை நிற்க வேண்டியிருக்கும்.

திருகாணி நின்ற இடங்களில் பென்சில் கோடு போட்டு, போனில் படம் எடுத்து வையுங்கள். துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சுக்கு ஆட்டோவில் குலுங்கிப் போனாலே சில திருகாணி தளர்ந்துவிடும். இன்னொன்று, மே மாத அளவு ஜனவரியில் பொருந்தாது. ஜாக்கெட்டுக்குள் ஒரு ஸ்வெட்டர் ஏறினால் தோள் அந்த அளவுக்குத் தடிக்கும். அப்போது பட் பிளேட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அதற்கென்று இரண்டாவது கோடு போட்டு, பக்கத்தில் 'குளிர்' என்று எழுதிவையுங்கள்.