திடலைக் காடாக விடுவது எப்படி

டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் பல பேருக்கு வயலை ஒட்டி ஒரு திடல் இருக்கும். தண்ணீர் ஏறாத மேடு, நெல் வராது, நாலு தென்னை, ஒரு கிழட்டு மாமரம், மூங்கில் குத்து, ஓரத்தில் பனை, மீதி முழுக்கப் புதர். பார்க்கிற பங்காளியெல்லாம் "என்னப்பா இப்படிக் காடா போட்டு வச்சிருக்க, ஜேசிபி விட்டா ஒரே நாள்ல சுத்தமாயிடுமே" என்பார்கள். தயவுசெய்து ஜேசிபியை விடாதீர்கள். நம் பக்கத்தில் பச்சைக்குப் பஞ்சமே இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை நடவு வயல்தான். பொந்து விழுந்த பழைய மரம், பட்டுப்போன கிளை, சருகு மக்கிய தரை, இவற்றுக்குத்தான் பஞ்சம். அதெல்லாம் உங்கள் திடலில் ஏற்கெனவே இருக்கிறது.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்களுக்கு ஐந்து மா திடல், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. கஜா புயலுக்கு அப்புறம்தான் இதில் இறங்கினோம்.

முதல் வருடம் எதையும் நடாதீர்கள், எதையும் வெட்டாதீர்கள். விடிகாலையிலும் அந்தி சாயும்போதும் உள்ளே ஒரு சுற்று வந்து, எந்த மரத்தில் பொந்து இருக்கிறது, ஆந்தை எங்கே உட்காருகிறது, மரநாய் எந்த வழியாகத் தென்னைக்கு ஏறுகிறது என்று பார்த்து வையுங்கள். வெட்டக் கூடாத மரத்தில் சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்துவிட்டால், கூலிக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா கரை கடந்தபோது எங்கள் தென்னையில் பாதிக்கு மேல் போய்விட்டது. சாய்ந்ததையெல்லாம் அப்புறப்படுத்தினோம், மூலையில் விழுந்த ஒரு மாமரத்தை மட்டும் லாரி வர வழியில்லாமல் அப்படியே விட்டோம். பக்கத்திலேயே தலை முறிந்த மொட்டைத் தென்னை ஒன்று நின்றது. இரண்டு மழை பார்த்ததும் மாமரத்தின் பட்டை கழன்றது. ஒரு நாள் கையால் தூக்கிப் பார்த்தேன், அடியில் ஈரமான மரத்தூள், அதில் விரல் பருமனுக்கு வெள்ளை வெள்ளையாக வண்டுப் புழு, ஒரு பூரான், ஓரத்தில் அரணை. அப்புறம் கொண்டலாத்தி தினமும் வந்து அதன் மேல் நடந்து நடந்து கொத்த ஆரம்பித்தது. மொட்டைத் தென்னையில் மரங்கொத்தி ஓட்டை போட்டது, அது காலி செய்த பிறகு மைனா குடிவந்தது. மரங்கொத்தி தோண்டி வைக்கும் வீட்டில் மைனாவும் கிளியும் குடியேறுவது வழக்கம்தான், அவை பெரும்பாலும் தாமாகத் தோண்டுவதில்லை. ஆகவே வீட்டின் மேலோ பாதையின் மேலோ விழும் என்று பயம் இருந்தால் மட்டும் பட்ட மரத்தை எடுங்கள், மற்றபடி நிற்கட்டும், விழுந்தால் கிடக்கட்டும். பட்டுப்போன முருங்கைக் கிளையைக்கூட உடனே ஒடிக்காதீர்கள், குக்குறுவான் பறவைக்குப் பொந்து குடைவதற்கு அந்த மெத்தென்ற கட்டை ரொம்பப் பிடிக்கும். பனையில் தொங்கும் காய்ந்த மட்டையையும் விட்டுவிடுங்கள், பனை உழவாரன் குருவி கூடு கட்டுவது பனை ஓலையில்தான்.

அடுத்தது சீமைக்கருவேல். இதை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது. கெட்ட மரம்தான், இருந்தாலும் இன்றைக்கு அந்த முள்ளுக்குள்தான் சில பறவைகள் கூடு வைத்திருக்கும். திடலை மூன்று நாலு துண்டாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு துண்டு எடுங்கள், எடுத்த இடத்தில் நட்டது மார்பளவு வந்த பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். மேலாக வெட்டினால் அடியிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், மழை முடிந்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். காயை ஆடு மாடு தின்று சாணத்தில் விதையைப் பரப்புவதால், பக்கத்துத் திடலில் மரம் இருந்தால் கன்று முளைத்துக்கொண்டேதான் இருக்கும், சின்னதாக இருக்கும்போதே கையோடு பிடுங்கிவிடுங்கள்.

சரி, என்ன நடுவது? குளிர் நாடுகளில் காட்டுயிருக்காக நிலம் வைத்திருப்பவர்கள் முதலில் ஓக் நடுகிறார்கள், ஒரே மரத்தை நம்பி நூற்றுக்கணக்கான வகைப் பூச்சிகள் வாழ்கின்றன, பூச்சியை நம்பிப் பறவை. நம் களிமண்ணுக்கும் வெயிலுக்கும் ஓக் சரிப்படாது, ஆசைப்பட்டு வாங்காதீர்கள். நமக்கு என்ன மரம் என்பது ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது: திருவிடைமருதூரில் மருது, திருப்புன்கூரில் புங்கம், இலுப்பைப்பட்டில் இலுப்பை.

என் முதல் வாக்கு இலுப்பைக்கு. பங்குனி வாக்கில் ராத்திரியில் பூக்கும், சதைப்பற்றான பூவைத் தேடிப் பழந்தின்னி வௌவால் வரும், விடிந்ததும் தரையில் கொட்டிக் கிடப்பதற்கு அணிலும் மைனாவும் வரும். முன்பெல்லாம் கோயில் விளக்குக்கு இதன் எண்ணெய்தான், அதனால் ஊருக்கு ஊர் இலுப்பைத் தோப்பு இருந்தது. மின்சார விளக்கு வந்தது, தோப்பும் போனது, திரும்ப நடுவதற்கு யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இதன் விதையை மாமா வீட்டிலிருந்து வாங்கி வந்து பரணில் போட்டு வைத்து ஐப்பசியில் நடலாம் என்று நினைத்தால் ஒன்றுகூட முளைக்காது. காய்ந்தால் விதை செத்துவிடும், ஓக் விதைக்கும் இதே குணம்தான். ஆனி, ஆடியில் பழம் விழும்போது மரத்தடிக்கே போய்ப் பொறுக்கி, சதையை அலசி, அந்த வாரமே ஊன்றுங்கள். ஆணிவேர் சீக்கிரம் கீழே இறங்குவதால் சின்னப் பை போதாது, பையில் சுருண்டு கிடந்த கன்றுகளைவிட எங்கள் திடலில் நேரடியாக ஊன்றியவைதான் நன்றாக வந்தன. ஒரு குழிக்கு மூன்று விதை, சுற்றி முள், மழை பிடிக்கும் வரை வாரம் இரண்டு முறை தண்ணீர், பிறகு வலுவான ஒன்றை மட்டும் விடுவது. பூக்கப் பத்து வருடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும், அதனால் பார்த்து வைக்கும் முதல் வருடம் முடிந்ததுமே ஊன்றுங்கள்.

நாவலும் வேம்பும் அப்படியே, விதை புதிதாக இருக்க வேண்டும். வாய்க்கால் ஓரத்துக்கு நீர்மருது, தண்ணீர் நின்றாலும் தாங்கும். ஆல், அரசு, அத்தி இவற்றில் ஒன்றிரண்டு இருந்தே ஆக வேண்டும், மற்ற மரமெல்லாம் காய்த்து ஓய்ந்த மாதத்திலும் ஏதோ ஒரு ஆலமரம் பழுத்திருக்கும். வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி வையுங்கள். இடையில் நொச்சி, இலந்தை, எருக்கு, ஆவாரை தானாக வந்தால் விடுங்கள், கறிவேப்பிலைக் கன்று ஒன்று இருந்தால் வண்ணத்துப்பூச்சி தேடி வரும். தைல மரம் மட்டும் வேண்டாம்.

பையில் வளர்த்த கன்றுகளைப் புரட்டாசிக் கடைசியில் வையுங்கள். களிமண்ணில் குழி வெட்டி நட்டால் ஐப்பசி அடைமழையில் தண்ணீர் நின்று வேர் அழுகிவிடும், ஆகவே ஒரு ஓரத்தில் குட்டை வெட்டி அந்த மண்ணைக் கொட்டி ஒன்றரை அடி மேடு போட்டு அதன் மேல் நடுங்கள். குட்டையின் ஒரு கரை சரிவாக இருக்கட்டும், கீரிக்கும் குருவிக்கும் இறங்கித் தண்ணீர் குடிக்க வழி வேண்டுமே. ஆடு புகாமல் இருக்கக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு உயிர்வேலி போடுங்கள். அறுவடை முடிந்து வயலில் ஆட்டுக்கிடை போடும் மாதங்களில் வேலி இல்லாத கன்று ஒரே நாளில் காலி.

இனி உண்ணி. திடலை வழித்தெடுக்கச் சொல்பவர்களின் பயம் இரண்டு, பாம்பும் உண்ணியும். நியாயமான பயம்தான், ஆனால் அதற்குத் திடல் முழுவதையும் வெட்ட வேண்டாம், பாதையை வெட்டினால் போதும். ஆறடி அகலத்துக்கு ஒரு சுற்றுப்பாதை, புல் கணுக்காலுக்கு மேல் வளராமல், சருகு கூட்டித் தள்ளி, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. உண்ணி பறந்து வராது, புல் நுனியில் தொற்றிக்கொண்டு நீங்கள் உரசுவதற்குக் காத்திருக்கும். மடித்துக் கட்டிய வேட்டியோடு உள்ளே போகாதீர்கள், முழு பேண்ட், அதன் கீழ்முனையைக் காலுறைக்குள் விட்டு ரப்பர் பூட்ஸ். கண்ணாடி விரியனுக்கும் அதுவே காப்பு, இருட்டினால் டார்ச் கட்டாயம்.

வெளியே வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், முக்கியமாக அரைஞாண் கயிற்றுக்கு அடியில் பாருங்கள், ஆடை இறுக்கும் இடம்தான் அதற்குப் பிடித்த இடம். கடித்துக்கொண்டிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள், நசுக்காதீர்கள். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப் பக்கமாகப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுத்து, அந்த இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். நாயும் மாடும் உள்ளே போய் வந்தால் அவற்றின் காதையும் தடவிப் பாருங்கள்.

நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ்தான், அதைப் பரப்புவது நாம் பார்க்கும் உண்ணி அல்ல, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அதன் இனப் பூச்சி ஒன்றின் குஞ்சு. எலி நடமாடும் புல்லிலும் புதரிலும் இருக்கும், மழையும் அதை ஒட்டிய பனிக்காலமும் அதிகம். கடித்தது தெரியாது, பத்து நாள் வாக்கில் காய்ச்சலும் தலைவலியும் வரும். எங்களிடம் வேலைக்கு வரும் அக்கா ஒருவர் ஒரு வாரம் வெறும் காய்ச்சல் மாத்திரையிலேயே ஓட்டினார், அப்புறம் வேறொரு மருத்துவர்தான் இடுப்பில் சிகரெட்டால் சுட்டது போலிருந்த கறுத்த பொருக்கைக் கண்டுபிடித்தார். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அவருக்கே தெரியவில்லை. சரியான மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். அதனால் புதருக்குள் வேலை செய்த பிறகு காய்ச்சல் வந்தால், உடம்பை நன்றாகப் பார்த்துவிட்டுப் போங்கள், "திடலில் புல்லுக்குள் வேலை செய்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வேலைக்கு நடுவில் களைத்துப்போனால் புல்லில் உட்காராமல் கட்டிலோ தார்ப்பாயோ போட்டுக்கொள்ளுங்கள், கழற்றிய சட்டையைச் செடியின் மேல் போடாமல் கயிற்றுக் கொடியில் போடுங்கள்.