கணக்கில் எடுக்கிறதா இல்லையா: ரீபூட் சண்டையில் நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பு, கல்லடிப் பழைய பாலத்தில் பின்னேரம் காற்று வாங்கப் போகிற எங்கள் கூட்டத்தில் ஒரு மாமாவும் மருமகனும் இருக்கிறார்கள். மாமாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேட்டர் பிடித்து, ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய நாலு படம் பார்த்த தலைமுறை. விண்வெளிக் கப்பல் கதையான ஸ்டார் ட்ரெக்கின் பழைய படங்கள் அவருக்கு அறிமுகமானது அப்படித்தான். மருமகன் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறான். எல்லாவற்றையும் போனில் பார்ப்பான். ஒரு நாள் பேச்சு, 2009இல் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் எடுத்த ஸ்டார் ட்ரெக் படத்துக்குப் போனது.

"அது ஸ்டார் ட்ரெக்கே இல்ல மனே. அதக் கணக்கில எடுக்க ஏலா."

"பின்ன அது என்ன மாமா, இராம நாடகமா?"

மூன்று பின்னேரம் இதிலேயே போனது. நான் நடுவில் நின்று கச்சான் கொறித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் விளங்கியது: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒருவர் கேட்டதற்கு மற்றவர் பதிலே சொல்லவில்லை. இந்தச் சண்டை எந்த ஊரிலும், எந்தப் படத்தொடருக்கும் நடப்பதுதான். அதில் திரும்பத் திரும்ப விடப்படும் பிழைகளை, கச்சான் தின்றவன் என்ற உரிமையில் எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் தாய்ப் பிழை, எந்தக் கணக்கு என்று கேட்காமல் சண்டையைத் தொடங்குவது. உரிமைக்காரர் ஏற்றுக்கொண்டாரா என்பது ஒரு கணக்கு. பழைய கதையோடு இது பொருந்துகிறதா என்பது இன்னொன்று. அந்தப் பழைய உயிர் இதில் இருக்கிறதா என்பது மூன்றாவது. மருமகன் முதலாவதைப் பேசினான்: பெயர் இருக்கு, கம்பனி எடுத்திருக்கு, பிறகென்ன? மாமா மூன்றாவதைப் பேசினார். நடுவில் இருக்கிற கதைக் கணக்கை இருவரும் தொடவேயில்லை. உண்மையில் சுவாரசியமான இடம் அதுதான்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். ரீபூட் என்றால் பழைய கதையை முதலிலிருந்து திரும்பச் சொல்வது. ஆனால் புதிதாக வருகிற எல்லாவற்றையும் ரீபூட் என்று சொல்லிவிடுகிறோம். டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் 1963இல் தொடங்கி 1989இல் நின்றது. 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. 2005இல் தொடர் திரும்ப வந்தபோது அது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நாயகனான டாக்டரின் வேடத்துக்கு ஆள் மாறிக்கொண்டே வரும்; கிறிஸ்டோபர் எக்கில்ஸ்டன் அதில் ஒன்பதாவது டாக்டர், முதலாவது இல்லை. அது தொடர்ச்சி. 2015இல் வந்த ஸ்டார் வார்ஸ் படமும் தொடர்ச்சிதான். 2021இல் வந்த டியூன், 1965ஆம் ஆண்டு நாவலைத் திரும்பப் படமாக்கியது. 1984இல் வந்த படத்துக்கு அது எந்தக் கடனும் பட்டதில்லை. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா மட்டும்தான் இந்த நாலில் அசல் ரீபூட்: 1978இல் சொன்ன கதையை 2003இல் முதலிலிருந்து திரும்பச் சொன்னார்கள். பழையதில் சைலோன் இயந்திரங்களைச் செய்தது வேற்றுக்கிரகப் பிராணிகள். புதியதில் மனிதர்களே செய்துவிட்டு அனுபவிக்கிறார்கள். இரண்டும் ஒரே கதையில் நிற்காது. ஆகவே தொடர்ச்சியைப் பிடித்து "ஏன் எல்லாத்தையும் மாத்திட்டான்" என்பதும், ரீபூட்டைப் பிடித்து "பழைய கதையோட ஒத்துப்போகல" என்பதும் வீண் வேலை.

சரி, 2009 ஸ்டார் ட்ரெக் இதில் எது? இரண்டும். அதுதான் சிக்கல்.

அந்தப் படத்தின் கதை 2387இல் தொடங்குகிறது. ரொமுலன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தின் உலகம் ஒரு நட்சத்திர வெடிப்பில் அழிகிறது. கிழவனாகிவிட்ட ஸ்பாக், லெனார்ட் நிமோய் நடித்த அதே பழைய ஸ்பாக், காப்பாற்றப் போய்ப் பிந்திவிடுகிறார். ஆத்திரம் கொண்ட நீரோ என்ற ரொமுலன் தன் கப்பலோடு கருந்துளைக்குள் இழுபட்டு 2233இல் வந்து விழுகிறான். அங்கே யூ.எஸ்.எஸ். கெல்வின் என்ற கப்பலைத் தாக்குகிறான். பழைய தொடரின் நாயகனான கப்டன் கேர்க்கின் தகப்பன் சாகிறார். அதே நேரம் கேர்க் பிறக்கிறான். அந்தக் கணத்திலிருந்து வரலாறு வேறு வாய்க்காலில் ஓடுகிறது. பழைய தொடர்களில் கடைசிவரை இருந்த, ஸ்பாக்கின் தாய்க்கிரகமான வல்கன் இங்கே கண் முன்னால் அழிகிறது. இது வேறொரு மெய்ம்மை என்று பாத்திரங்களே வாய்விட்டுச் சொல்கிறார்கள். 2016இலிருந்து அந்த வாய்க்காலுக்குக் கெல்வின் காலவரிசை என்று பெயரும் வைத்தாயிற்று.

இங்கேதான் மாமா விட்ட பெரிய பிழை. "பழசு முழுக்க அழிச்சுப்போட்டான்" என்பது அவருடைய கோபம். அழிக்கவில்லை. அழிக்காமல் இருப்பதற்காகத்தான் இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். புதிய கதைக்குள் கிழட்டு ஸ்பாக் நடமாடுவதே, அவர் வந்த பழைய உலகம் ஒன்று உண்டு என்பதற்குச் சாட்சி. 2020இல் வந்த பிக்கார்ட் தொடர் அந்தப் பழைய உலகில்தான் நடக்கிறது. 2387இல் ரொமுலன்கள் உலகிழந்ததை அடிப்படையாக வைத்தே கதையைத் தொடங்குகிறது. அதாவது ரீபூட் படத்தில் சொன்ன ஒரு செய்தி பழைய வரிசைக்குள் போய் ஏறியிருக்கிறது. "கணக்கில எடுக்க ஏலா" என்ற படத்திலிருந்து!

மாமாவிடம் காலைத் தட்டிக் காட்டினேன். நாங்கள் நிற்பது 1924இல் திறந்த லேடி மன்னிங் பாலம். பக்கத்தில் 2013இல் திறந்த புதுப்பாலம். பஸ்ஸும் லொறியும் அதில் போகின்றன. பழையது அப்படியே நிற்கிறது. நின்று கச்சான் தின்னலாம். மாமா இதை ஏற்றுக்கொள்ளவில்லை. "புதுப்பாலம் அதே ஆத்தைத்தானே கடக்குது. இவன் ஆத்தையே மாத்திட்டான்." மோசமில்லாத பதில்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த பிழை, பழையது ஒரு சொட்டு முரண் இல்லாமல் இருந்தது என்று நம்புவது. ஸ்டார் ட்ரெக்கைத் தொடங்கியதே ஒரு ரீபூட்டோடுதான். முதல் முன்னோட்டப் படத்தில் கப்டன் கேர்க் இல்லை. பைக் என்ற கப்டன். என்.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி அதை வேண்டாம் என்றது. திரும்ப எடுத்தபோது ஸ்பாக்கைத் தவிரப் பெரும்பாலும் எல்லா முகமும் மாறியது. அந்த இரண்டாவது முன்னோட்டத்தில் வருகிற கல்லறைக் கல்லில் கேர்க்கின் பெயர் ஜேம்ஸ் ஆர். கேர்க். பிறகு அது ஜேம்ஸ் டி. ஆகிவிட்டது. கிளிங்கன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தின் கதை இன்னும் பகிடி. 1966இல் தொடங்கிய தொடரில் அவர்களுக்கு நம்மைப் போல மழமழ நெற்றி. 1979இல் வந்த சினிமாவில் நெற்றியில் மேடும் பள்ளமும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. 1996இல் ஒரு தொடரில் வோர்ஃப் என்ற கிளிங்கனிடமே இதைக் கேட்கிறார்கள். அதை நாங்கள் வெளியாட்களோடு பேசுவதில்லை என்று வாயை மூடிக்கொள்கிறான். ஒழுங்கான விளக்கம் 2005இல்தான் வந்தது. இத்தனையையும் சிரித்துக்கொண்டு மன்னித்தவர்கள் 2009ஐ மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது நியாயமில்லை.

உரிமைக்காரரின் முத்திரையைக் கல்வெட்டாக நினைப்பது மருமகனின் பிழை. முத்திரை குத்துவார்கள், பிறகு அழிப்பார்கள், மறுகாலும் குத்துவார்கள். 2014இல் ஸ்டார் வார்ஸின் உரிமைக்காரக் கம்பனியான லூக்காஸ்ஃபிலிம், அதுவரை வந்த நூற்றுக்கணக்கான ஸ்டார் வார்ஸ் நாவல்களையும் சித்திரக்கதைகளையும் ஒரே அறிவிப்பில் 'லெஜெண்ட்ஸ்' என்று தனியே ஒதுக்கிவிட்டது. முதல் நாள் வரை கணக்கில் இருந்தவை அவை. காசு கொடுத்து வாங்கி, இருபது வருடம் வாசித்தவன் மனதிலிருந்தும் ஒரே நாளில் போய்விடுமா? ஸ்டார் ட்ரெக்கிலும் 1973–74இல் வந்த கார்ட்டூன் தொடர் நெடுங்காலம் கணக்கில் சேராதது. ஆனால் கேர்க்கின் டி. என்ற எழுத்துக்கு டைபீரியஸ் என்று விரிவு கொடுத்ததே அந்தக் கார்ட்டூன்தான். 1991இல் வந்த ஆறாவது சினிமா அந்தப் பெயரை எடுத்துப் பயன்படுத்தியது. வாசலில் நிறுத்தி வைத்த பிள்ளை கொண்டுவந்த பெயரை வீட்டுக்காரர் சூட்டிக்கொண்டார்கள்.

இனி அந்த உயிர்க் கணக்கு. இதில் மட்டக்களப்பாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மீளுருவாக்கம் என்ற சொல்லை வைத்து நாங்கள் இங்கே எப்போதிருந்தோ கதைத்துக்கொண்டிருக்கிறோம், கூத்தைப் பற்றி. வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய கூத்தை, 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். நேரத்தைச் சுருக்கினார், படச்சட்ட மேடைக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றினார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று வரிசையாக வந்தன. இராவணேசனில் இராவணனாக ஆடியவர் எங்கள் சி. மௌனகுரு. பிறகு 2000களில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கூத்தரும் வேறு வழியில் போனார்கள்: களரியை விட்டு அசையவில்லை, ஆனால் பாட்டுக்குள் இருந்த சாதியையும் பெண்ணைக் காட்டிய விதத்தையும் ஊராரோடு இருந்து கேள்வி கேட்டு மாற்றினார்கள். ஒன்று வடிவத்தைத் தொட்டது, மற்றது உள்ளடக்கத்தை. இரண்டுக்கும் "இது கூத்தா?" என்ற கேள்வி வந்தது.

ஆனால் கூத்துத் தெரிந்த கிழவர்கள் வெறுமனே "இது கூத்தில்லை" என்று எழும்பிப் போவதில்லை. மத்தள அடி பிழைத்ததா, தாளக்கட்டு விழுந்ததா, வரவாட்டத்தைக் குறைத்துப்போட்டானா என்று இடத்தைத் தொட்டுச் சொல்வார்கள். ரீபூட் சண்டையில் இல்லாதது அதுதான். மாமாவிடம் கேட்டேன்: ஸ்டார் ட்ரெக்கின் மத்தளம் எது? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாலு பேர் ஒரு மேசையச் சுத்தி இருந்து, செய்யிறது சரியா பிழையா எண்டு வாதாடுவாங்க. புதுசில எல்லாரும் ஓடுறாங்க." முதல் முறையாக ஒரு பேசத்தக்க குற்றச்சாட்டு வந்தது. அதற்கு மருமகனும் ஒழுங்கான பதில் வைத்திருந்தான்: மாமாவுக்கு உயிரான 1982ஆம் ஆண்டுப் படம், கான் என்பவன் பழிவாங்க வருகிற கதை, முக்கால்வாசி கப்பல் சண்டைதானே? மேசை எங்கே? மாமா கச்சானுக்குக் கை நீட்டினார். என் அபிப்பிராயம் மாமா பக்கம்தான். 2009 படம் ஓட்டத்தில் நன்றாக இருக்கிறது, ஆனால் யோசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அது படம் சுமார் என்பதற்குக் காரணம். கணக்கில் இல்லை என்பதற்குக் காரணம் இல்லை. இந்த இரண்டையும் குழப்புவதும் ஒரு பிழைதான்.

வயதை வைத்து வாயை அடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "நீ பிறக்க முன்னமே நான் பார்த்தனான்" என்பதும் "உங்களுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது" என்பதும் ஒரே சோம்பல். பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் நடந்ததைப் பாருங்கள். 1978 தொடரில் அப்பல்லோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச், பழைய கதையைத் தொடர வேண்டும் என்று பல வருடம் பாடுபட்டவர். தானே ஒரு முன்னோட்டக் காட்சி கூட எடுத்துக் காட்டினார். ரீபூட் வந்தபோது எதிர்த்தார். கடைசியில் அந்த ரீபூட்டிலேயே டொம் சாரெக் என்ற வேறொரு பாத்திரமாக நடித்தார், நன்றாகவும் நடித்தார். அவரை விட அதிகம் இழந்தவர் யாரும் அந்தச் சண்டையில் இல்லை.

முழுதாகப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது கடைசிப் பிழை. இதில் இருவரும் அகப்பட்டார்கள். மருமகன் 2009க்குப் பின் 2013இல் வந்த இரண்டாவது படத்தைப் பார்த்திருக்கிறான், 1982 படத்தைப் பார்க்கவில்லை. அதன் கதையைச் சண்டைக்காகத் தேடி வாசித்ததோடு சரி. 1982இல் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்பாக் சாவார், இந்தப் பக்கம் கேர்க் நிற்பார். 2013இல் இருவரையும் இடம் மாற்றி அதே காட்சியை வைத்தார்கள். முதலாவதைப் பார்க்காதவனுக்கு இரண்டாவது வெறும் சோகக் காட்சி. பார்த்தவனுக்கு அது மரியாதையா திருட்டா என்ற கேள்வி. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் 2009ஐ முதலில் பார்த்தாலும் குறையில்லை, ஆனால் 2013க்குப் போக முன் 1982 படத்தைப் பார்த்துவிடுங்கள்.

மாமாவோ 2009ஓடு கோபித்துக்கொண்டு எழும்பியவர். 2016இல் வந்த மூன்றாவது படம் அவருக்குத் தெரியாது. நிமோய் 2015இல் காலமானபின் வந்த படம் அது. அதில் இளம் ஸ்பாக், இறந்துபோன கிழட்டு ஸ்பாக்கின் பெட்டியைத் திறக்கிறான். உள்ளே ஒரு படம்: பழைய கப்பலின் பழைய ஆட்கள், முதிர்ந்த முகங்களோடு.

மருமகன் போனில் அந்த இடத்தை எடுத்துக் கொடுத்தான். பாலத்து லைட் வெளிச்சத்தில் மாமா போனைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார். பிறகு விரலை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணத் தொடங்கினார். ஏழு பேரும் இருந்தார்கள்.