குடோனுக்கு எந்த ஃபோர்க்லிஃப்ட் வாங்கலாம்?

வண்டி பாக்க போறதுக்கு முன்னாடி டேப் எடுத்து ரெண்டு ரேக்குக்கு நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்துடுங்க, பாதி முடிவு அங்கயே வந்துடும். 3.5, 4 மீட்டர் இருந்தா சாதாரண கவுண்டர்பேலன்ஸ் வண்டியே (பின்னாடி கனமான எடை வச்சு முன்னாடி லோடு தூக்கறது) போதும், லாரில லோடு ஏத்தி இறக்கவும் அதான் லாயக்கு. 3 மீட்டருக்குள்ளன்னா ரீச் டிரக் (குறுகலான இடத்துல முன்னாடி நீட்டி லோடு எடுக்கற வண்டி) தான், 10 மீட்டர் உசரத்துல கூட பேலட்ட, அதாவது சரக்கு அடுக்கற பலகைத் தட்ட, வைக்கற மாடல் இருக்கு, ஆனா சின்ன சக்கரம், தரை சமமா இருக்கணும், மேடு பள்ளமான யார்டுல விட்டா அவ்ளோதான்.

அப்புறம் வண்டி பிளேட்ல 2 டன்னு போட்டிருக்கறத அப்படியே நம்பிடாதீங்க. அது பெரும்பாலும் லோடோட எடை மையம் ஃபோர்க்கோட (லோடுக்கு அடியில போற ரெண்டு கம்பி) நிமிர்ந்த பக்கத்துலேருந்து 500 மில்லிமீட்டர்ல இருந்தா தூக்கற கணக்கு, பொட்டி நீளமா இருந்தாலோ மாஸ்ட் (ஃபோர்க்க ஏத்தி இறக்கற தூண்) ரொம்ப மேல போனாலோ குறையும், எந்த உசரத்துக்கு எவ்வளவுன்னு சார்ட் கேளுங்க, தரலன்னா வேற ஆளப் பாருங்க.

மூடின குடோனுக்குள்ள டீசல் வேணவே வேணாம், புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. பேட்டரி வண்டி எடுங்க, ஆனா லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதனால சார்ஜ் போடற இடம் காத்தோட்டமா இருக்கட்டும். வெறும் தரையில பேலட்ட நகத்தறதுக்கு கையால இழுக்கற ஹேண்ட் பேலட் டிரக் போதுங்க, அதுக்குப் போய் ஃபோர்க்லிஃப்ட்டா?